குனிந்து எடுத்த பெட்டி

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தைக் கொளுத்தினால்தான் நல்லதா என்று தெரியும். கொளுத்தியதை விற்க முடியாது. விற்பதையோ நான் கொளுத்திப் பார்த்திருக்கவே மாட்டேன். இந்த விசித்திரம் எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. அதனால் லோடுக்கு இருபது பெட்டியிலிருந்து ஒவ்வொன்று எடுத்துக் கொளுத்துவேன். இரண்டு அணைந்தால் பாதகமில்லை. மூன்றாவதும் அணைந்தால் லோடு முழுவதையும் பிரித்துக் காயவைக்க வேண்டும்.

ஒரு சீசனில் நான் பாஸ் செய்த லோடு கடையிலிருந்து திரும்பி வந்தது. பாதிக்குப் பாதி நமுத்திருந்தது.

"இன்னொரு லோடு இப்பிடி வந்துச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கிடுங்க" என்றார் முதலாளி. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஏதோ சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிட, இருபதும் எப்படி நன்றாக எரிந்தது என்ற கேள்விதான் என்னைக் குடைந்தது. பெட்டி அடுக்கும் அக்காவிடம் கேட்டேன்.

"நீங்க என்னைக்கும் வாசப் பக்கம், இடுப்பு உசரத்துல இருக்கதத்தான எடுக்கீக. குனியவும் மாட்டீக, எக்கவும் மாட்டீக. அங்கன இருக்கது கடைசியா அடுக்குனது, நல்ல வெயில்ல காஞ்சது. மழையன்னைக்குப் போட்டது அம்புட்டும் அடியில."

"ஏன்க்கா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார். சோத்தக்கூடக் கிண்டிவிட்டுத்தான பதம் பாப்போம்."

எனக்கு அசடு வழிந்தது.

அடுத்த லோடில் எல்லாப் பெட்டிக்கும் நம்பர் போட்டு, சீட்டு எழுதி, காலி டிபன் பாக்ஸில் குலுக்கினேன். அக்காவையே எடுக்கச் சொன்னேன். "கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரில்ல இருக்கு" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். முதல் சீட்டே அடிப்பெட்டி. அதற்காக ஒரு அடுக்கையே இறக்கினோம்.

வெட்டவெளியில் கொளுத்தினேன். பதினாலாவது அணைந்தது. பதினாறாவதும் அணைந்தது. அக்கா சிரிப்பை நிறுத்தியிருந்தார். லோடு தேறாவிட்டால், பிரித்துக் காயவைப்பதில் அவருக்கும் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கும்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு போகும். பத்தொன்பதாவது நன்றாகப் பூத்தது. இருபதாவது கொஞ்சம் புகைந்து, புஸ்ஸென்று அணைந்தது.

கெட்டதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். அவர் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது.

அக்கா டிபன் பாக்ஸை என் கையில் திணித்தார்.

"ஞாயித்துக்கெழம நீங்களும் பிரிக்க வாங்க சார். குனிஞ்சு பழகணும்ல."