காற்றுக்கு எமனும் பழைய காரும்

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்கு நோயாளிகள் வைத்த பெயர் 'காற்றுக்கு எமன்'. ரத்தம் ஓடும் குழாயில் கடுகளவு குமிழி தெரிந்தாலும், விரலால் சுண்டிச் சுண்டி விரட்டிவிட்டுத்தான் மெஷினை ஓடவிடுவாள். பதினாறு வருட நர்ஸ் வேலை. குழாய் என்று ஒன்றைக் கண்டால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது அவளால். ஓட்டுவாளே தவிர, சொந்தக் காரின் இன்ஜினை மட்டும் அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. அது கணவரின் ராஜ்யம்.

அந்த ராஜாவோ, ரேடியேட்டரில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறையும்போதெல்லாம் வீட்டுக் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றினார். கெட்டிலில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிற அதே தண்ணீர். கேட்டால், "எல்லாம் தண்ணிதானே" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன், தங்கையின் முதல் பிரசவத்துக்குக் கிளம்பிய அன்று, மலை ஏற்றத்தின் மூன்றாவது வளைவில் கார் கொதித்து நின்றுவிட்டது. இவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். அந்த முதுகு இவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு காரை மலைப்பக்கம் கொண்டுபோகவும் இல்லை.

இப்போது மறுபடியும் பிரசவம். நாளைக் காலை பத்து மணிக்கு ஆபரேஷன். "அக்கா, நீ வந்தாத்தான் உள்ள போவேன்" என்று போனில் அழுதிருந்தாள் தங்கை. மலைக்குப் போகும் பஸ் மதியம்தான். மெக்கானிக்குக்குப் புதன்கிழமை வரை நேரமில்லையாம்.

"அப்ப ரேடியேட்டரை நானே கழுவுறேன்" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும் அதுல?" என்றார் கணவர்.

"குழாய் கழுவவா? பதினாறு வருஷமா வேற என்னங்க பண்றேன்?"

இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே துணி ஊறவைக்கும் டப்பை அடியில் தள்ளி, ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தாள். செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி துருத்தண்ணீர் கொட்டியது.

"இதெல்லாம் நான் ஊத்தினதா?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஊத்தினாரு."

கழுவும் திரவத்தோடு உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, அதே தண்ணீரின் சூட்டில் காருக்குள் வெப்பக்காற்று தரும் ஹீட்டரை முழுசாகத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டாள். ஆறவிட்டு வடித்தாள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டர். ஓட்டினாள், ஆறவிட்டாள், வடித்தாள். மூன்றாம் தடவை வெளுத்த டீ நிறத்தில் வந்தது. "போதும்மா, சுத்தமாத்தானே இருக்கு" என்றார் அவர். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"இதை ஒரு பேஷன்ட்டுக்கு ஏத்தச் சொல்வீங்களா?"

அவரே அடுத்த டிஸ்டில்டு வாட்டர் கேனைத் திறந்தார். ஐந்தாம் தடவைதான் டம்ளருக்கு அந்தப்பக்கம் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது.

அடித்திருகை மூடி, புதுக் கூலன்ட்டை மளமளவென்று ஊற்றி மூடினாள். கால்மணி நேரம்கூட ஓடவில்லை, வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இன்ஜினை அணைத்தாள். "பஸ்ஸையே பாப்போம்" என்றார் அவர், பாவமாக. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இன்ஜின் கொதிக்கிறது. ஹீட்டரில் மட்டும் ஏன் குளிர்காற்று வந்தது? அந்தப் பக்கம் சூடான தண்ணீரே போகவில்லையே. எது மறிக்கிறது?

தலையில் அடித்துக்கொண்டாள். "காத்துங்க! ஊரெல்லாம் விரட்டுறேன், சொந்தக் கார்ல அடைச்சு வச்சிருக்கேன்!"

நன்றாக ஆறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு மூக்கு மேலே இருக்கும்படி வாசல் சரிவில் காரை ஏற்றி நிறுத்தினார்கள். மூடியைத் திறந்து அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, அவள் ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டாள். குளக், குளக் என்று காற்று வெளியேறியது. கடைசிக் குமிழிவரை அவள் கையை எடுக்கவில்லை. மறுபடி ஓட்டியபோது ஹீட்டரின் சூடான காற்று உள்ளங்கையில் பட்டது. முள் நடுவில் நின்றது.

மறுநாள் மூன்றாவது வளைவு வந்தபோது, கணவர் மடியில் ஒரு தண்ணீர் கேன். முள்ளைப் பார்த்தார். சத்தமில்லாமல் கேனைக் காலடியில் வைத்தார். அவள் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, தங்கை கதவைப் பார்த்தபடி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள்.

"வந்துட்டியாக்கா?"

"வந்துட்டேன்டி."

தங்கை நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சரி, இப்ப கூட்டிட்டுப் போங்க."