அக்காவின் மலைத்துண்டு

நாட்சம்பளத்தை அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்துக் கூட்டிய மூன்றாம் மாதம், தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அக்காவுக்கு ஒரு துண்டுத் தேயிலை மலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். இனிக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டாம், நாட்சம்பளமும் கிடையாது. மலையை அவளே பராமரித்து, கொழுந்தைத் தோட்டத்து ஆலைக்குக் கிலோ விலைக்குக் கொடுக்க வேண்டும்.

அக்கா தயங்கினாள். கையெழுத்து வைக்கச் சொன்னது நான்தான். பதுளையில் பாடசாலை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு, சந்தையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன். விளைச்சல் உழைப்பவருக்கே என்றால் தேயிலை வேறு மாதிரித் தழைக்கும் என்று ஒரு ஞாயிறு முழுக்க அவளிடம் பேசினேன்.

தழைக்கத்தான் செய்தது. அக்காவும் மச்சானும் ஞாயிறு, போயா விடுமுறை பார்க்காமல் புல் வெட்டினார்கள்.

"என்னா மொதலாளியம்மா, எங்களுக்கும் வேல போட்டுக் குடுப்பீங்களா?" என்று பெரட்டுக்குப் போகும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"வெள்ளென வந்து நில்லுங்கடி, பாக்கலாம்" என்பாள் அக்கா.

ஏப்ரல் மழையோடு எல்லா மலையிலும் கொழுந்து ஒரேயடியாக வந்தது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த இரண்டாவது செவ்வாய் நானும் அங்கே இருந்தேன். நான்கு சாக்குக் கொழுந்தோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனோம். தராசடியில் நின்ற கணக்கப்பிள்ளை கையை விரித்தார்.

"ஆலை நெறஞ்சிருச்சு. நாளைக்குக் கொண்டாங்க."

"நாளைக்குச் செவந்து போயிருமே ஐயா!"

"நான் என்னாம்மா செய்ய? ஒங்க கொழுந்து, ஒங்க பாடு."

சாக்குக்குள் கையை விட்டேன். சூடேறத் தொடங்கியிருந்தது. ரோட்டில் வெளி ஆலையின் லொறி ஒன்று நின்றது. வாங்கத் தயாராக இருந்தார்கள். வெளியே விற்கக்கூடாது என்ற ஒப்பந்த வரியை நானே அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அன்று "குடுத்துரு அக்கா" என்றதும் நான்தான்.

வெளியே விற்றதைச் சொல்லி, வெள்ளிக்கிழமை தோட்டத்தார் மலையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

திங்களன்று முறையிட அவளை அரசாங்கத்தின் தொழில் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த அதிகாரி ஒப்பந்தத்தை இரண்டு முறை பொறுமையாக வாசித்தார்.

"அம்மா, சம்பளச் சட்டம் தொழிலாளிக்குத்தான். இதுல நீங்க கொழுந்து விக்கிறவங்கன்னுதான் இருக்கு."

"முப்பது வருசமா கொழுந்து எடுத்தேங்க."

"ஆமாங்க. அது இந்தக் கடதாசிக்கு முந்தி."

விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று பேசியபோது, வாங்குவதற்கு ஒரே ஆள்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் படி ஏறியபோது, அதன் கண்ணில் அக்கா படவே மாட்டாள் என்பதையும் யோசிக்கவில்லை.

இப்போது அந்த மலை பக்கத்து லய வீட்டு வரிசைக் குடும்பம் ஒன்றிடம் இருக்கிறது. கொழுந்து கூடிய நாளில் அவர்கள் கூப்பிட்டால் அக்கா கொழுந்து எடுக்கப் போகிறாள், அன்றன்றைக்குக் கைக்காசு. நான் போனால் தேத்தண்ணீர் ஊற்றித் தருகிறாள். ஏன் கையெழுத்து வைக்கச் சொன்னாய் என்று இதுவரை கேட்கவில்லை.