ஏறிக்கொண்டிருந்த எண்

மலாயா ரப்பர் தோட்டங்களில் இருபத்தெட்டு வருடம் கணக்கெழுதும் கிறாணியாக இருந்த ஞானமுத்து, பென்சன் இல்லாமல் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்குத் திரும்பினார். சேமிப்பு முழுவதும் மூன்று சிறிய ரப்பர் கொம்பனிகளின் பங்குகளாக இருந்தது. 1930ஆம் ஆண்டு ரப்பர் விலை விழத் தொடங்கியது.

“இப்பவே வித்துப்போடுங்கோ” என்று மனைவி பியாட்றிஸ் கெஞ்சினாள்.

“பயப்பிடாதையும். பத்து ரப்பர் கொம்பனியளின்ரை பங்கு விலையைச் சேர்த்துப் பேப்பரிலை ஒரு எண் போடுறாங்கள். என்ரை மூண்டும் அதுக்குள்ளைதான். அந்த எண் ஏறுது” என்றார். தபாலில் வரும் அந்தச் சிங்கப்பூர்ப் பேப்பரை நம்பி எட்டு மாதம் காத்திருந்தார். பிறகு விற்கப் பார்த்தபோது வாங்க ஆள் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் பங்குத் தரகரிடம் வேலை செய்த ஏரம்பு லீவில் ஊருக்கு வந்தபோது, ஞானமுத்து அவரிடம் போனார்.

“எண் ஏறுது. என்ரை பங்கை மட்டும் ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?”

ஏரம்பு தயங்கினார். “அண்ணை, உந்த எண்ணிலை பத்துக்கும் சம இடமில்லை. பெரிய கொம்பனிக்குப் பெரிய இடம். முக்கால்வாசி ஒரே கொம்பனிதான். அது பழைய நல்ல விலைக்கே ரப்பர் விக்க ஒப்பந்தம் வைச்சிருக்கு. அது ஏற எண்ணும் ஏறும். மற்ற ஒன்பதும் விழுந்தாலும் தெரியாது.”

“என்ரை மூண்டும்?”

“ரண்டு பூட்டியாச்சு. மற்றதும் தேறாது, அண்ணை.”

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னார். பியாட்றிஸ் ஏசவில்லை, அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த வாரம் மகள் இராசம்மாவின் படிப்பை நிறுத்தினார்கள். அறுபத்தொரு வயதில் ஞானமுத்து நீதிமன்ற வாசலில் காசுக்குப் பெட்டிசம், மனு எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே இருபது பேர் அதே வேலையில் இருந்தார்கள். அன்று அவரிடம் ஒருவரும் வரவில்லை.