ஆற்றுவாய் திறந்த மாலை

எங்கள் நகரின் ஆற்றில் தோணி வலித்து, கரையோரப் பூங்காவின் பறவைகளைப் பார்த்து வருவது எனது நீண்டநாள் வழக்கமாகும். கடந்த மாரியில் வயல்களில் வெள்ளம் தேங்கி நின்றது. ஆற்றுவாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, நீரைக் கடலுக்கு விடவேண்டும் என்று விவசாயிகள் கூட்டத்தில் ஒருநாள் காலை வற்புறுத்தியவன் நானே. ஆயினும், வேலை மறுநாள்தான் நடைபெறும் என நானாகவே எண்ணிக்கொண்டு, அன்றே மாலை அஸர் தொழுகையின் பின் மச்சானையும் ஏற்றித் தோணியை இறக்கினேன். அவருக்கு நீந்தத் தெரியாது.

பூங்காவைக் கடந்து துடுப்பை நிறுத்தினோம். தோணி நிற்கவில்லை, கடலை நோக்கி விரையலாயிற்று. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பாண்டிருப்பு ஊர் மீனவர் ஒருவர் என்னை அண்ணன் முறை சொல்லிக் கத்தினார்.

“காக்கா! ஆத்துவாய வெட்டிப்போட்டாங்க! கண்டல் கொப்பப் புடிங்க!”

நீரின்மேல் சாய்ந்திருந்த கண்டல் மரக் கொப்பை இருவரும் இறுகப் பற்றிக்கொண்டோம். அவர் கயிறு வீசி எங்களை இழுத்தெடுத்தார், அல்ஹம்துலில்லாஹ்.

கரையேறிய மச்சான் கேட்டார்: “நெல்லக் காப்பாத்த நம்மளயும் கடலுக்கு வடியவிடப் பாத்தீங்களா, மச்சான்?”

வெட்டும் நேரத்தை ஆற்றில் இறங்குவோருக்கு அறிவிக்குமாறு கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம், பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அன்றி, ஆற்றுவாய் வெட்ட நான் கை உயர்த்துவதில்லை.