தம்பிக்குப் போட்ட கோட்

மியூசியத்தில் எனக்குக் காவல் வேலை. நான் நிற்கும் ரோமர் கூடத்தில் தலையில்லாத பளிங்கு உடம்பொன்று இருக்கிறது. கழுத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. உடைந்ததல்ல, செதுக்கும்போதே விட்ட குழி. பழைய ரோமில் உடம்புகளை முன்கூட்டியே செய்துவைத்து, கேட்டு வருகிறவரின் தலையை மட்டும் பிறகு செதுக்கிப் பொருத்துவார்களாம். வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில் எங்கள் ஸ்டூடியோக்காரர் செய்வதும் இதைத்தானே!

எங்கள் சனத்தின் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். உயிரோடிருந்தவரை சறத்தைத் தவிர வேறொன்றும் கட்டாதவர்கூட, செத்தபின் மாலை போட்ட படத்தில் கோட்டும் டையுமாக இருப்பார். ஒரே நீல டையை நாலு வீட்டில் கண்டிருக்கிறேன்.

என் தம்பியும் அந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறான். ஊரில் போர் முடிந்த நாட்களில் காணாமல் போனவன். உடம்பு கிடைக்கவேயில்லை. அவனுடைய படமென்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சறத்தோடு, மேலுக்கு ஒன்றுமில்லாமல், விலா எலும்பு தெரிய நிற்பான். அதைச் சுவரில் மாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என்னையே அடிக்கவேண்டும் போலிருக்கிறது.

முகம் மட்டும் போதும் என்று ஸ்டூடியோக்காரர் போனில் சொன்னார். நான் குசினியில் சாப்பாட்டு மேசையில் வைத்து, காதுகள் வெட்டுப்படாமல் கவனமாகத் தலையைக் கத்தரித்தேன். மிச்சத்தைக் குப்பையில் போட்டேன்.

ஸ்டூடியோவில் வெட்டிய தலையை நீட்டியதும் அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, முழுப் படத்தையும் கொண்டுவந்திருக்கலாமே. நான் கொம்பியூட்டரிலதானே வெட்டுறனான்."

வீட்டுக்கு ஓடினேன். குப்பை லொறி காலையிலேயே வந்து போயிருந்தது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்டூடியோக்காரர் கோட்டுப் படத்தோடு வெட்டிய தலையையும் திருப்பித் தந்தார். அந்தப் படத்தை அம்மா தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கூடத்தில் எகிப்தியர். முகத்தைப் பக்கவாட்டில் வரைந்தாலும் இரண்டு தோள், இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றையும் தெரியத்தான் வரைவார்களாம். படத்தில் ஒன்று குறைந்தால் மறு உலகத்திலும் குறைந்துவிடும் என்று பயமாம். அதைக் கேட்டபின் அந்தக் கூடத்தில் மட்டும் என்னைப் போடவேண்டாம் என்று மேலாளரிடம் கெஞ்சினேன்.

போன மாதம் அம்மா போய்விட்டா. செத்தவீட்டன்று காலை மில்லிக்கனில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அக்கா போன் எடுத்தாள்.

"தம்பியின்ர படத்தைத் தன்ர சவப்பெட்டிக்குள்ள வைக்கச்சொல்லி அம்மா கேட்டவ. கோட்டுப் படத்தைக் கொண்டுவராதை. அது என்ர பிள்ளையின்ர உடம்பில்லை எண்டு சொல்லிச் சொல்லி அழுதவ. பழைய படத்தை எடுத்துக்கொண்டு வா."

"அக்கா, அதை நான் வெட்டிப்போட்டன். தலை மட்டும்தான் இருக்கு."

"மிச்சம்?"

"எறிஞ்சிட்டன்."

அவள் அழுகையோடு சொன்னாள்: "அவன்ர உடம்பெண்டு எங்களிட்ட இருந்தது அது ஒண்டுதானேடா."

பெட்டியை மூடமுன் அம்மாவின் கையை விரித்து, நகமளவு இருந்த அந்தத் தலையை உள்ளங்கையில் வைத்தேன். அது வழுக்கி விழாமலிருக்க அவவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன்.