பாடினால் ஃபவுல்

என் வலது கையிலிருந்த சாயா கிளாஸ் நழுவி விழுந்தபோது அன்வர் ஒன்பது வரை எண்ணியிருந்தான்.

மட்டாஞ்சேரி படகுத்துறையில், வெலிங்டன் தீவுக்குப் போகும் காலைப் படகுக்காக நின்றுகொண்டிருந்தோம். தீவில் ஒரு சரக்குக் கிடங்கில் இருவருக்கும் வேலை. வந்திறங்கும் பெட்டிகளின் குறிகளை நான் உரக்கப் படிப்பேன், அன்வர் எழுதிக்கொள்வான். பத்து வருடமாக ஒரே வேலை, ஒரே விளையாட்டு. ஒருவன் ஏதாவதொரு ராக் பாட்டிலிருந்து ஒரு வரி சொல்ல வேண்டும். அவன் பத்து எண்ணுவதற்குள் மற்றவன் பாட்டின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

பாட்டுகள் எங்களுக்குக் கப்பல்காரர்கள் மூலம் வந்தன. எழுபதுகளில் ரெக்கார்டுகளாக, பிறகு கேசட்டுகளாக. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர். நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். ஆங்கில வரிகளை மலையாள எழுத்தில் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தோம். பாதிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் நாலு சொல் காதில் விழுந்தால் போதும், எந்தப் பாட்டு என்று பிடித்துவிடுவோம்.

விளையாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. வரியைப் பாடக் கூடாது. பெட்டிக் குறியைப் படிப்பதுபோலத் தட்டையாகச் சொல்ல வேண்டும். பதில் சொல்பவனும் முனகிப் பார்க்கக் கூடாது. மெட்டு வெளியே வந்தால் ஃபவுல். மெட்டைக் கேட்டால் எந்த மடையனும் பெயரைச் சொல்லிவிடுவான் என்பது என் வாதம். ஆமாம், அந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான்.

அன்று அவன் சொன்ன வரி, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தன் சட்டையைக் காயப்போட்டுவிட்டு வந்த ஒருவனைப் பற்றியது. எனக்குத் தெரிந்த பாட்டு. பெயர் தொண்டை வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நான் நடிக்கிறேன் என்று நினைத்து அன்வர் சிரித்துக்கொண்டே எண்ணினான். கிளாஸ் உடைந்த பிறகுதான் என் முகம் ஒரு பக்கமாக இழுத்திருப்பதைப் பார்த்தான்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். கூடவே அஃபேசியா (மூளையின் பேச்சுப் பகுதி பழுதாகி, தெரிந்த சொல்லும் வாய்க்கு வராமல் போவது). இந்த இரண்டாவது பெயர் எனக்குப் பல வாரம் கழித்துத்தான் தெரியும். அதுவரை எனக்கு அறிவு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு வயது முப்பத்தாறு.

டாக்டர் ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பேனா. நீல நிறம். மூடியைத் தொலைத்திருக்கிறார். இத்தனையும் எனக்குத் தெரிந்தது. வாயிலிருந்து வந்தது "பா... பா..." மட்டும். அவர் என் மனைவி லட்சுமி பக்கம் திரும்பினார்.

"ஓர்மை போயிட்டுண்டு. இனி ஒந்நும் பிரதீட்சிக்கண்டா."

நினைவு போய்விட்டதாம், இனி எதையும் எதிர்பார்க்க வேண்டாமாம். என் கட்டிலருகே நின்றுகொண்டு, என் தலைக்கு மேலே சொன்னார். கிடங்குக்குத் தர வேண்டிய சான்றிதழிலும் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். அந்தக் காகிதம் அங்கே போனால் வேலை போகும். வேலை மட்டுமா? அறிவு இல்லாதவன் என்று முத்திரை குத்தி ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன். அதையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

பார்க்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. "நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்று மாமா என் காதருகில் கூவினார். உங்களை எனக்கு நன்றாகவே தெரியும் மாமா, என் காதுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்வர் தினமும் வேலை முடிந்து வந்தான். விளையாட்டை நடத்தினால் எனக்கு நினைவு திரும்பிவிடும் என்று நம்பினான். ஒரு வரியைத் தட்டையாகச் சொல்வான். என் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பான். பிறகு அவனே பெயரைச் சொல்லிவிட்டு, "சாரமில்லடா", பரவாயில்லை என்று என் கையைத் தட்டுவான். நாளுக்கு நாள் வரிகள் சுலபமாகிக்கொண்டே போயின. மூன்றாவது வாரம், ரேடியோவே இல்லாத வீட்டுக்காரனுக்கும் தெரிந்த பாட்டைக் கேட்டான். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் மாலை எனக்குள் மெட்டு தானாக எழுந்தது. முனகினேன். அன்வர் பழக்கதோஷத்தில் விரலை உதட்டில் வைத்தான்.

"எடா, பாடல்லே. ஃபவுல்!"

பாடாதே என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் பழக்கதோஷத்தில் நிறுத்திக்கொண்டேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. அவன் மேல் பாதி, என் மேல் பாதி. மருத்துவமனையில் மேலும் ஒரு வாரம், வீட்டில் ஒரு மாதம், வாயைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன்.

பூட்டை உடைத்தவள் லட்சுமி. அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தப் பாட்டுகளைக் கண்டாலும் ஆகாது. ஒருநாள் அன்வர் சொன்ன வரிக்குப் பதில் வராமல் தலையணையை எறிந்தேன். அவள் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

"பாட்டுன்னா பாடணும்ல? ரெண்டாளும் பாடாம என்னத்த வாசிச்சிட்டு இருக்கீங்க?"

"ரூல் அங்ஙனெயா சேச்சி. பாடியால் ஃபவுலா." சட்டம் அப்படித்தான் என்று அன்வர் விளக்கினான்.

"ஃபவுலாம் ஃபவுல்! மனுசன் இங்க வாயடைச்சுக் கெடக்காரு. ஒங்க ரூலத் தூக்கி காயல்ல போடுங்க."

டேப் ரெக்கார்டரில் கிடந்த கேசட்டை அவளே தட்டிவிட்டாள். கிதார் தொடங்கியது. பாட்டுக்காரன் வாயைத் திறந்தபோது நானும் திறந்தேன். சொற்கள் வந்தன. முழுசாக, வரிசையாக, ஒன்றுகூடப் பிசகாமல், இரண்டாவது அடியும் சேர்த்து. அன்வர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாள் வீணாக்கினீர்களே பாவிகளா என்றுதான் இருந்தது.

பேச்சுப் பகுதி பழுதானாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்பதைப் பிறகு ஒரு நர்ஸ் விளக்கினார். லட்சுமி அதற்குள் சொந்தமாக வழி கண்டுபிடித்திருந்தாள். அந்தப் பாட்டின் மெட்டில் "தண்ணி வேணும்" என்று பாடச் சொன்னாள். இடது கையால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாடினேன். பிறகு "சோறு போடு". பிறகு என் பெயர்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று டாக்டர் அதே பேனாவைக் காட்டினார். மேசையில் தாளம் தட்டினேன்.

"இது பேனா... மூடி இல்லா... எனிக்கு எல்லாம் ஓர்மையுண்டு... சாரு பறஞ்ஞதும்..."

நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது என்று பாடியதும் அவர் முகம் சுருங்கியது. மன்னிப்புக் கேட்கவில்லை. நினைவு தெளிவு, பேச்சு மட்டும் குறைவு என்று எழுதினார். கிடங்கில் என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது குறிகளை அன்வர் படிக்கிறான், நான் இடது கையால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படிக் கிடந்தால், தயவுசெய்து அவர் தலைக்கு மேலே பேசாதீர்கள். பரீட்சை வைக்காதீர்கள். பாடச் சொல்லிப் பாருங்கள். எல்லோருக்கும் பலிக்காது என்கிறார்கள். முயன்று பார்க்காமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

விழுந்து ஏழு மாதம் கழித்து, அதே படகுத்துறையில், அதே சாயாவோடு நின்றிருந்தோம். இடது கையில் பிடித்திருந்தேன். எதையும் யோசிக்கவில்லை. திடீரென்று ஒரு பெயர், மெட்டு இல்லாமல், தாளம் இல்லாமல், வெறும் பேச்சாக என் வாயிலிருந்து வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சட்டை காயப்போட்டவனுடைய பாட்டின் பெயர்.

எந்தப் பாட்டு, எதற்கு என்று அன்வர் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தான்.

"ஒம்பதிலா ஞான் நிர்த்தியது," என்றான். "பத்தாயிட்டில்லடா." அன்று ஒன்பதில்தான் நிறுத்தினானாம், இன்னும் பத்து ஆகவில்லையாம்.

படகு வந்தது. என் வலது கால் ஏறி முடிக்கும்வரை படகுக்காரர் காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை.