எங்கள் ஊரில் விளையாத அரிசி

மண்ணூர்ப் பக்கம் கம்பெனிச் சுவர்களுக்குப் பின்னால் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. ஏரிப் பாசனம். போன வருஷம் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மதகின் பக்கச் சுவர் சரிந்து, வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் ரோட்டோரப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு தண்ணீர் கட்டினால் கதிர் தேறிவிடும்.

நான் யாரிடமும் போய் நிற்கிறவள் இல்லை. அன்றைக்கு மதகைச் சரிபண்ணித் தரச் சொல்லி விவசாய ஆபீசில் போய் நின்றேன். அதிகாரி சின்ன வயசுப் பெண். நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். இந்த வட்டாரத்து அரிசி வருஷா வருஷம் வெளிநாட்டுக்குக் கூடுதலாகப் போகிறதாம். அதைப் பார்த்து இங்கே விவசாயம் செழிப்பாக இருக்கிறது என்று மேலே நினைக்கிறார்களாம். மராமத்துப் பணம் நொடித்துப்போன ஊர்களுக்குத்தான் முதலில் போகுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மருமகள் ஒரகடம் ரோட்டில் இருக்கிற அரிசி குடோனில்தான் வேலை பார்க்கிறாள். ஆந்திராவிலிருந்தும் இன்னும் எங்கெங்கிருந்தோ லாரி லாரியாக அரிசி வரும். கல் பார்த்து, சின்னப் பையில் போட்டுக் கப்பலுக்கு அனுப்புவார்கள்.

“அது எங்க ஊர்ல வெளைஞ்சதே இல்லம்மா. எங்கியோ வெளைஞ்சது, இங்க வந்து பை மாத்திக்கினு போவுது,” என்றேன்.

“தெரியும் பாட்டிம்மா. கன்டெய்னருக்கு எங்க சீல் வெக்கிறாங்களோ, அந்த ஊர் பேர்லதான் கணக்கு ஏறும். நானும் மேல சொல்லிப் பாத்துட்டேன்.”

தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். தெரியும் என்கிறவளிடம் என்ன பேசுவது? அவள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மருமகளிடம் சொன்னேன். “அப்போ நான் ஓ.டி. பாக்கப் பாக்க உன் வயலு நல்லா வெளையுதுன்னு எழுதிக்கினு கீறாங்களா அத்தே?” என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டுக் கிழிந்த சாக்குகளைக் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாக மண் நிரப்பி உடைப்பில் அடுக்கினோம். கூப்பிட ஆள் இல்லை. பக்கத்து வயல்காரர்களெல்லாம் பயிர் வைப்பதை விட்டுவிட்டுக் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள். நீர் ஏறியதும் சாக்குகள் வழுக்கிக்கொண்டு போய்விட்டன.

பிறகு ஒரு நாள் கதிரை நசுக்கிப் பார்த்தேன். எல்லாம் பதர். மாட்டுக்காவது ஆகட்டும் என்று அறுக்க இறங்கினேன். அந்த அதிகாரிப் பெண் வந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள். பதர்க் கதிர்களைச் செல்போனில் போட்டோ எடுத்தாள்.

“மேல அனுப்பறேன் பாட்டிம்மா.”

“அனுப்பும்மா,” என்றேன். குனிந்து அடுத்த பிடியை அறுத்தேன்.